ஏழு பள்ளிக்கூடமும் ஒரு தராசும்

ஆசிரியர்களுக்கு மரியாதை செய்வதற்கென்று மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில் தலைசிறந்தது தராசு. மாலை வாடிவிடும். பொன்னாடை சாயம் போய்விடும். புகழுரை, சொன்னவருக்கே மறுநாள் மறந்துவிடும். தராசு ஒன்றுதான் நின்று பேசும். இந்தப் பேருண்மையை உலகுக்கு வழங்கிய ஊர் ராயபுரம். வழங்கிய ஆண்டு 1953. வழங்கியவர்கள் கடலோரக் கல்வி அபிவிருத்தி சங்கத்தார். உலகம் இன்னும் நன்றி சொல்லவில்லை. அது உலகத்தின் வழக்கம்.

சங்கத்தின் தலைவர் அய்யாத்துரை. தெற்கே இருந்து வந்து கல்மண்டபத்தில் புளி மொத்த வியாபாரம் செய்தவர். செயலாளர் எத்திராஜ், துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்மானம் எழுதாமல் தும்மக்கூட மாட்டார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மீனவர் குப்பங்களில் சங்கம் ஏழு பள்ளிக்கூடங்களை நடத்திவந்தது. ஒவ்வொன்றும் ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு கரும்பலகை, ஓர் இளம் ஆசிரியர்.

அந்த ஏழு பேரில் ஒருத்திதான் புஷ்பவல்லி. திருவொற்றியூர்க் குப்பத்துப் பள்ளிக்கூடம் அவளுடையது. அவளுக்கு முன்னால் வந்த வாத்தியார்கள் கருவாட்டு வாசனையை ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியதில்லை. கடைசியாக வந்தவர் மத்தியானம் சாப்பிடப் போனவர்தான்; இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. புஷ்பவல்லி இரண்டு வருஷமாக இருந்தாள். கட்டுமரங்கள் கரைக்கு வரும் நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் மீன் பொறுக்க ஓடிவிடுவதைக் கண்டு, பள்ளிக்கூட மணியை மரங்கள் வந்து சேர்ந்த பிறகு அடிக்க ஆரம்பித்தாள். காற்று மாறினால் பாடவேளையும் மாறியது. பிள்ளைகள் வந்தார்கள். கல்வி இலாகாவின் கடிகாரப்படி இது ஒழுங்கீனம்தான். என்ன செய்வது? காற்றுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வழியில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் ஏழு ஆசிரியர்களையும் புளிக் கிடங்குக்கு வரச் சொன்னார்கள். சங்கத்தாருக்கு நாற்காலிகள் இருந்தன. ஆசிரியர்களுக்கு மூட்டைகள் இருந்தன, சாய்ந்து நிற்பதற்கு.

“மாணவர் மீது சிறந்த தாக்கம் உண்டாக்கும் இளம் ஆசிரியரை ஆண்டுதோறும் கண்டறிந்து கௌரவிப்பது என்று இச்சங்கம் தீர்மானிக்கிறது” என்று எத்திராஜ் படித்தார். “கண்டறியும் முறை பற்றி உறுப்பினர்கள் பேசலாம்.”

பரீட்சை மார்க்கைப் பார்க்கலாம் என்றார் ஓர் உறுப்பினர். மார்க்கு போடுபவரே ஆசிரியர்தானே, அது வியாபாரி தனக்குத் தானே ரசீது கொடுத்துக்கொள்வது போல ஆகிவிடும் என்று அது தள்ளப்பட்டது. பிள்ளைகளைக் கேட்கலாம் என்றார் இன்னொருவர். சரக்கே தன் விலையைச் சொல்வதா என்று எல்லாரும் சிரித்தார்கள்.

புஷ்பவல்லி மூட்டையை விட்டு நிமிர்ந்தாள். “ஐயா, எங்க பள்ளிக்கூடத்துல வடிவுன்னு ஒரு பொண்ணு. அவ அப்பா தினம் விடிகாலையில போய் தீப்பெட்டி ஆலை வாசல்ல வேலைக்கு நிப்பார். கடல்ல மீன் இல்லாத நாள்ல அதுதான் வழி. வாசல்ல ஒரு போர்டு மாட்டியிருந்தாங்க. மாசக்கணக்கா அதுக்குக் கீழேயேதான் நின்னாரு. ஒரு நாள் வடிவு கூடப் போய்ப் படிச்சுச் சொன்னா, ‘ஆள் தேவையில்லை’ன்னு. அதுக்கப்புறம் அவரு எண்ணூர் உப்பளத்துக்குப் போயி வேலை தேடிக்கிட்டாரு. இதைத் தாக்கம்னு எடுத்துக்கலாமே?”

அய்யாத்துரை கண்ணை மூடி யோசித்தார். நியாயமான மனிதர்.

“நல்ல விசயந்தாம்மா. ஆனா அளக்க முடியலியே. ஒரு போர்டு படிச்சா எத்தனை தாக்கம்? ரெண்டு போர்டு படிச்சா எத்தனை? நான் ஒண்ணு கேக்கேன். நீ படிப்பைப் பிள்ளைக்குள்ள போடுதியா, இல்லியா?”

“போடறேங்க.”

“ஒரு சாக்குக்குள்ள ஒண்ணைப் போட்டா அது எடை கூடணுமா, வேண்டாமா?”

“படிப்புக்கு எடை கிடையாதுங்களே, ஐயா.”

“எடை இல்லாத சரக்கு லோகத்துல உண்டா? பஞ்சுக்கே எடை இருக்கு!”

கிடங்கில் கைதட்டல் எழுந்து, மூட்டைகளில் பட்டு, அமுங்கிப் போயிற்று. தீர்மானம் நிறைவேறியது. ஜூனில் பிள்ளைகளை எடை போடுவது. மார்ச்சில் மறுபடியும் போடுவது. கூடிய எடையைத் தலைக்கு இவ்வளவென்று வகுத்தால் கிடைப்பதே ‘தாக்கம்’.

இங்கே அந்தத் தராசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிடங்கு வாசலில் இருக்கும் மேடைத் தராசு அது. இரும்புப் பலகை மேல் பெரிய மூட்டையை ஏற்றுவார்கள். அந்தக் கோடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் உள்ளங்கை அளவு குண்டு ஒன்றை நகர்த்தினால் மூட்டை அடங்கி நிற்கும். மாயம் ஒன்றுமில்லை. ஏற்றம் இறைப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். தாங்குகிற முனைக்குப் பக்கத்தில் மூட்டை உட்கார்ந்திருக்கிறது. குண்டோ வெகு தூரத்தில் தொங்குகிறது. பக்கத்தில் இருப்பது எவ்வளவு கனமாக இருந்தாலும் தூரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு குண்டு அதை ஆட்டி வைக்கும்.

“தூரத்தில் இருப்பதற்கே பலம் அதிகம்” என்று எத்திராஜ் ஆசிரியர்களுக்கு விளக்கினார். “சங்கம் பள்ளிக்கூடங்களை விட்டு எப்போதும் தூரத்தில் இருப்பதும் இதற்காகத்தான்.”

கடைசியில் இரண்டு உபவிதிகளைப் படித்தார். முதலாவதாக வரும் ஆசிரியருக்கு வெள்ளிப் பதக்கம், பொன்னாடை, அதோடு ‘உயர்வு’: அவர் குப்பத்தை விட்டு, டவுனில் உள்ள சங்கக் கட்டடத்தில் ‘மாதிரி ஆசிரிய’ராக அமர்த்தப்படுவார். கடைசியாக வரும் பள்ளி தாக்கமற்றது என்று கருதி மூடப்படும். கொட்டகையைச் சங்கம் ‘தக்க முறையில்’ பயன்படுத்திக்கொள்ளும்.

புஷ்பவல்லி தான் சாய்ந்திருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். கிடங்கில் இடம் போதாமல் மூட்டைகள் வாசல் வரைக்கும் வந்திருந்தன.

ஜூன் எடை ஒழுங்காக நடந்தேறியது. பிள்ளைகளை எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று தாய்மார்கள் ஒவ்வொரு கன்னத்திலும் மையை அப்பி அனுப்பினார்கள். மையின் எடையையும் சங்கம் கழித்துக்கொண்டது.

மறுநாள் காலை புஷ்பவல்லி வடிவின் அம்மாவைத் தேடிக் காசிமேட்டுக் கரைக்குப் போனாள். எல்லாக் குப்பத்துப் பெண்களும் கூடை தூக்கிக்கொண்டு மீன் எடுக்க வரும் இடம் அது. வடிவின் அம்மா அங்கம்மா சங்கரா மீனைக் கூறு பிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா டீச்சரம்மா, மூஞ்சி ஏன் இப்டி கீது? வூட்ல எதுனா பேஜாரா?”

புஷ்பவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். அங்கம்மா மீனைக் கீழே வைத்தாள்.

“இரு, இரு. மொதல்ல வந்தா உன்னிய இட்டுகினு பூடுவானுங்க. கடேசில வந்தா இஸ்கூல இஸ்து மூடிடுவானுங்க. ஆக, ரெண்டுலயும் நம்ம புள்ளைங்க தெருவுல. அதானே?”

“அதான்.”

“அப்போ நடுவுல நின்னுக்கணும். அவ்ளோதானே? இதுக்குப் போயி அழுவுறியே!”

பக்கத்தில் நின்ற பச்சையம்மா இடுப்பில் கையை வைத்தாள். அவள் எண்ணூர்க்காரி. “இன்னாடி நடுவு? நீ நடுவுல ஏறி நின்னுகினா எங்க இஸ்கூலு கடேசிக்குப் பூடும். எங்க தாமஸ் வாத்தியாரு மட்டும் இன்னா தொக்கா? அந்தாளு வந்தப்புறம்தான் எம் பையன் என் மூஞ்சியப் பாத்து ‘வணக்கம்’ங்கிறான்.”

“யாருமே மொத இல்ல, யாருமே கடேசி இல்லன்னு ஆக்கிட்டா?” என்றாள் அங்கம்மா.

“எப்டி?”

அங்கம்மா காய்ந்துகொண்டிருந்த வலையின் அடிக்கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். வரிசையாக ஈயக்குண்டுகள். வலைக்கு மேல் கயிற்றில் மிதப்புக் கட்டை கட்டுவார்கள். அடிக்கயிற்றில் ஈயம் கட்டுவார்கள். ஈயம் கூடினால் வலை தரைக்குப் போய்விடும், குறைந்தால் மேலே வந்துவிடும். எந்த மீனுக்கு எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த ஆழத்தில் வலையைத் தண்ணீருக்குள் நிறுத்த, ஈயத்தைக் கூட்டியும் குறைத்தும் கட்டுவார்கள்.

“ஏழு இஸ்கூல் புள்ளைங்களும் தலைக்கு மூணு ராத்தல் ஏறணும். கூடவும் வோணாம், கொறையவும் வோணாம். எத்தினி ஏறலியோ அத்தினிக்கு இடுப்புல ஈயம்” என்றாள் அங்கம்மா. “டீச்சரம்மா, நீ காதப் பொத்திக்கோ. உனக்கு இது தெரியாது.”

புஷ்பவல்லி காதைப் பொத்திக்கொண்டாள். பொய் சொல்லாதே என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட கை அது. அந்த வாக்கியத்தை மறுநாள் அழித்துவிட்டு, அந்த இடத்தில் கழித்தல் கணக்கு எழுதினாள்.

படிப்பறியாத பெண்களின் இந்தச் சூழ்ச்சியைச் சங்கத்தின் மீது அபிமானம் கொண்ட எவரும் கண்டிக்காமல் இருக்க முடியாது. இதனால் விளைந்த கேடுகளைப் பாருங்கள். பிப்ரவரி பிறந்ததும் குப்பத்துப் பிள்ளைகள் ஐஸ் கடைத் தராசில் ஏறி ஏறி இறங்கினார்கள். “மூணு ராத்தல் வோணும். ஒண்ணே கால் ஏறிகினேன். மீதி எத்தினி?” என்று ஆளுக்கு ஆள் மணலில் கணக்குப் போட்டார்கள். வருஷம் முழுக்கக் கழித்தலைக் கண்டால் ஓடியவர்கள், இப்போது பின்னத்தைக் கழித்தார்கள். தப்பாகப் போட்டவனை அடுத்தவன் திருத்தினான். மாமா வீட்டில் தின்று ஐந்து ராத்தல் ஏறிவிட்ட பொன்னுரங்கம் என்ற பையனைத் தினமும் கரையோரம் ஓட விட்டார்கள். அவனும் அளவு மீறி ஓடி, கடைசியில் அவனுக்கும் ஈயம் கட்ட வேண்டியதாயிற்று.

மார்ச் எடை. தராசு மாட்டு வண்டியில் ஏறி ஊர் ஊராக வந்தது. திருவொற்றியூருக்கு வந்த அன்று அய்யாத்துரை தாமே தண்டின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், நடக்காமல். நடந்தால் சத்தம் வந்தது.

வடிவு ஏறினாள், சரியாக மூன்று ராத்தல் கூடியிருந்தாள். அடுத்தவன் மூன்று. அதற்கடுத்தவளும் மூன்று. “அடேயப்பா, என்ன சீரான தாக்கம்!” என்று எத்திராஜ் வியந்து எழுதிக்கொண்டார். பொன்னுரங்கம் ஏறினான். அவனுடைய அரைஞாண் கயிறு, ஓடி ஓடித் தளர்ந்திருந்தது. கால்சட்டை மெல்ல இறங்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அப்படியும் ஓர் ஈயக்குண்டு நழுவி இரும்புப் பலகை மேல் ‘டங்’கென்று விழுந்து, உருண்டு, அய்யாத்துரையின் செருப்பில் போய் நின்றது.

புஷ்பவல்லி அய்யாத்துரையைப் பார்த்தாள். மூட்டையில் கல் கலந்திருந்தால் வெளியே இருந்தே மோந்து பார்த்துச் சொல்லிவிடும் மனிதர் அவர் என்பது கல்மண்டபம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

அய்யாத்துரை குனிந்தார். குண்டை எடுத்தார். உள்ளங்கையில் ஒரு முறை தூக்கிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு பையனிடம் நீட்டினார்.

“ஏலே, உன் படிப்பு கீழ விழுந்துட்டு. பத்திரமா வச்சுக்கோ.”

பையன் வாங்கிச் செருகிக்கொண்டான். மூன்று ராத்தல். அய்யாத்துரை புஷ்பவல்லியைப் பார்த்துப் புன்னகை செய்தார். நல்ல சரக்கு கிடைத்த வியாபாரியின் புன்னகை. அது ஏன் என்று அவளுக்கு அன்று விளங்கவில்லை.

விழா கிடங்கு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மேடையில் ஏழு ஆசிரியர்களுக்கும் இந்த முறை நாற்காலி. எதிரே ஏழு குப்பத்துப் பெண்களும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். எத்திராஜ் எழுந்து, கனைத்து, முடிவைப் படித்தார்.

“ஏழு பள்ளிகளிலும் தலைக்கு மூன்று ராத்தல். அவுன்ஸ் பிசகாத சமம்!”

பெண்கள் பக்கத்தில் விசில் பறந்தது. பச்சையம்மா அங்கம்மாவைக் கட்டிக்கொண்டாள். “மொத இல்ல! கடேசி இல்ல!” என்று கூவினாள். தாமஸ் வாத்தியார் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புஷ்பவல்லி ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எத்திராஜ் கையமர்த்தினார். “ஆகவே, ஒருவரை விட இன்னொருவர் மேலாக இல்லாத காரணத்தால், எல்லாரும் முதலாவதாக வந்திருக்கிறார்கள் என்று சங்கம் மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறது. ஏழு பேருக்கும் பதக்கம். ஏழு பேருக்கும் உயர்வு.”

விசில் பாதியில் நின்றது.

“இன்னாய்யா சொல்றே?” அங்கம்மா எழுந்துவிட்டாள். “எல்லாரையும் இட்டுகினு பூட்டா இஸ்கூல்ல யாரு கீறாங்க?”

“அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம், அம்மா. ஒருவரை விட இன்னொருவர் கீழாக இல்லாத காரணத்தால், எல்லாப் பள்ளிகளும் கடைசியாகவும் வந்திருக்கின்றன. ஆகவே எல்லாம் மூடப்படுகின்றன. இரண்டாம் உபவிதி.”

இதைவிடப் பாரபட்சமற்ற தீர்ப்பை எந்தக் கோர்ட்டிலும் பார்த்திருக்க முடியாது.

புஷ்பவல்லி எழுந்து முன்னால் வந்தாள். 

“ஐயா, இந்தப் பரிசு செல்லாது. பிள்ளைங்க இடுப்புல ஈயம் கட்டியிருந்தாங்க. எல்லாக் குப்பத்துலயும். எனக்கும் தெரியும். ஏமாத்தினது நாங்க. என்னை வேலையை விட்டு அனுப்புங்க. பள்ளிக்கூடத்தை மட்டும் மூடாதீங்க.”

பந்தல் அமைதியானது. தூங்கிக்கொண்டிருந்த பிரமுகர் ஒருவர் அமைதி தாங்காமல் விழித்துக்கொண்டார். எத்திராஜ் பேனாவை மூடினார். அய்யாத்துரை மட்டும் அசையவில்லை.

“ஈயம்னு எனக்குத் தெரியாதா தாயி? நாப்பது வருசமா மூட்டை தூக்குத கை இது.” அவர் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். “எல்லாரும் கேளுங்க. பத்து அங்குலக் கரைக்கு அடிச்சுக்கிடுத ஏழு குப்பத்து ஆளுங்க ஒண்ணாச் சேந்திருக்காங்க. எதுக்கு? வலையில இருந்த ஈயத்தை அவுத்து, பிள்ளைக இடுப்புல கட்டி, எங்க டீச்சரை விட மாட்டோம்னு நிக்காங்க. பிள்ளைக தானே கணக்குப் போட்டிருக்கு. நான் எத்தனையோ வாத்தியாரைப் பாத்திருக்கேன். இப்படி ஒரு தாக்கத்தைப் பாத்ததே இல்ல. இவங்களுக்குக் குடுக்கலன்னா யாருக்குக் குடுக்கது?”

அவருடைய குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அதைத்தான் புஷ்பவல்லியால் பின்னாளில் மன்னிக்க முடியவில்லை. அந்த ஊரில் அவளுடைய வேலையைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே அதிகாரி அவர்தான். சரியாகப் புரிந்துகொண்டு, பொன்னாடையை விரித்து, அவள் கையையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிப் போர்த்திவிட்டார்.

விழா முடிந்ததும் அங்கம்மா அந்தப் பதக்கத்தை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.

“இத வலையில கட்னா வலை முழுவக்கூட முழுவாது, டீச்சரம்மா.”

சங்கத்தின் கௌரவத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. ஏழு மாதிரி ஆசிரியர்களும் இப்போது டவுன் கட்டடத்தின் மாடியில், மின்விசிறிக்குக் கீழே, ஒரே அறையில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். வெளியூர்ப் பிரமுகர்கள் வந்தால், தாங்கள் எப்படிப் பாடம் நடத்தினோம் என்று சொல்லிக் காட்டுவார்கள். மற்ற நேரங்களில் பாடம் நடத்த யாரும் இல்லாததால் தவறு நேர வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பவல்லி திருவொற்றியூருக்குப் போனாள். கொட்டகைக்குப் புது ஓலை வேய்ந்திருந்தது. பள்ளிக்கூடமாக இருந்தபோது கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஓலை. கூரை வரைக்கும் புளி மூட்டைகள். கரும்பலகை வாசலில் தொங்கியது. அதில் வெள்ளை வர்ணத்தில் ஏதோ எழுதியிருந்தது. வடிவு இடுப்பில் இறால் கூடையோடு ஓடிவந்தாள். டீச்சரைப் பார்த்த சந்தோஷத்தில், கேட்காமலே கூடையை இறக்கி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, ஒரு பிசகும் இல்லாமல் உரக்கப் படித்தாள்:

“பிள்ளைகள் - உள்ளே - வரக் - கூடாது.”

படித்து முடித்துவிட்டு, “கரீட்டா, டீச்சர்?” என்றாள்.

“சரிதாம்மா.”

“நீ எப்போ டீச்சர் வருவே? தெனம் எல்லாரும் கேட்டுகினே கீறாங்க, டீச்சர் எங்க, டீச்சர் எங்கன்னு.”

சங்கத்தின் ஆண்டறிக்கை வெளியாகியிருக்கிறது. பரிசுத் திட்டம் எதிர்பார்ப்புக்கு மேல் வெற்றி பெற்றதாக எத்திராஜ் அதில் எழுதியிருக்கிறார். ஏழு கொட்டகைகளிலும் எடை முன்னெப்போதும் இல்லாத அளவு ஏறியிருக்கிறதாம். வருகை நூற்றுக்கு நூறு. ஒழுக்கமோ சொல்லவே வேண்டாம்: இன்றுவரை ஒரு மூட்டைகூட ‘டீச்சர் எங்கே?’ என்று கேட்டதில்லை.